புதுப்பிப்பு: கொலுசுப் பட்டறை உடல்நலப் பரிசோதனைக்கு ஆள் வந்துவிட்டது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் ஞாயிறு வைத்த சர்க்கரை, பிரஷர் பரிசோதனைக்கு 26 பேரில் 4 பேர்தான் வந்தார்கள் என்று புலம்பியிருந்தேன். யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

நோட்டீஸ், பரிசுக் குலுக்கல் எதுவும் எடுபடவில்லை. பலித்தது ஒரு அண்ணன் சொன்னதுதான்: சம்பள நாளில், வேலை நேரத்திலேயே வையுங்கள், கூலி பிடிக்காதீர்கள், ரிசல்ட் முதலாளி கைக்குப் போகக் கூடாது. சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னோம், முடிந்ததும் இட்லி. 23 பேர்!

எதிர்பாராதது கண். சலங்கை கோக்கும் அக்கா ஒருவர் கொலுசைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக் கோத்துக்கொண்டிருந்தார். 40 தாண்டினால் வரும் வெள்ளெழுத்து, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் கண்ணாடி கேட்டு 9 பேர் அவர்களாகவே வந்தார்கள், வாங்கிக் கொடுத்தாயிற்று.

பிரஷர் யாருக்கென்று எனக்குத் தெரியாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.