மீட்டர் 90 மி.ஆ. (மில்லிஆம்ப்) காட்டுது, ஆனா வைஃபை தொடங்கினதும் போர்டு ரீசெட். உச்ச கரண்டை எப்படி அளப்பது?

தாழ்வாரச்செடி
வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) தாழ்வாரத் தொட்டிச் செடிகளுக்கு மண் ஈரம் பார்க்கும் சர்க்யூட். ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிப்) போர்டு, ஒரு 18650 லித்தியம் செல், அதன் வோல்ட்டை 3.3 ஆக்கும் எச்டி7333 ரெகுலேட்டர், அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்து வைஃபையில் அனுப்பும். செல் 3.7 வோல்ட்டுக்கு இறங்கினதும் ப்ரவுன்அவுட் ரீசெட் (வோல்ட் பத்தாமல் போர்டு தானே மறுபடி தொடங்குது). மீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் போட்டால் 90 மி.ஆ.தான். மில்லிஆம்ப் ரேஞ்சுக்கு மாற்றினால் செல் முழுசா சார்ஜில் இருந்தாலும் ரீசெட். ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) இருக்கு, கரண்ட் புரோப் இல்லை.

ஓம்விதி
மீட்டர் காட்டுவது சராசரி. நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண் மாறும், வைஃபை துடிப்போ மில்லிநொடிக் கணக்கு. மில்லிஆம்ப் ரேஞ்சில் உள்ளேயிருக்கும் ஷண்ட் (கரண்டை அளக்க வழியில் வைக்கும் சிறு ரெசிஸ்டர்), ஃப்யூஸ், வயர் எல்லாம் சேர்ந்து ஓர் ஓமைத் தாண்டிவிடும், 300 மி.ஆ. ஓடினால் 0.3 வோல்ட் அங்கேயே போச்சு. உங்க ரீசெட்டுக்கு மீட்டரும் காரணம்.

0.1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டரை ஷண்டாக பேட்டரி மைனஸுக்கும் சர்க்யூட் கிரவுண்டுக்கும் நடுவே சாலிடர் பண்ணுங்க. சிம் லிம் டவர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்க. கிடைக்கலேன்னா 1 ஓம் பத்தை இணையாகச் சேர்த்தால் அதே 0.1. பிரெட்போர்டு வேண்டவே வேண்டாம், அதன் தொடர்பு மின்தடையே அளவைக் கெடுத்துடும். ஸ்கோப் கிளிப் பேட்டரி மைனஸ் பக்கக் காலில், புரோப் முனை மறு காலில். 100 மி.ஆ.க்கு 10 மி.வோ. புரோப் 1எக்ஸில் இருக்கணும். 10எக்ஸில் சிக்னல் பத்தில் ஒரு பங்காகி இரைச்சலில் மூழ்கிடும். 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட் ஆன், டிரிக்கர் 15 மி.வோ. ஏறுமுகம், சிங்கிள் மோட்.

முதலில் சரிபார்ப்பு: 3.3 வோல்ட் ரெயிலுக்கும் (ரெகுலேட்டரின் அவுட்புட் லைன்) சர்க்யூட் கிரவுண்டுக்கும் நடுவே 33 ஓம், அரை வாட் ரெசிஸ்டரை வையுங்க. 100 மி.ஆ. கூடுதலா ஓடும், அதனால் 10 மி.வோ. ஏறணும்.

கிரவுண்ட்லூப்
அளக்கும்போது யூஎஸ்பி கேபிளைக் கட்டாயம் கழற்றுங்க. மூன்று முள் சார்ஜரில் இருக்கும் லேப்டாப், ஸ்கோப் இரண்டும் எர்த் வழியா இணைஞ்சு ஷண்டைச் சுற்றிக் குறுக்குவழி போட்டுடும். கரண்ட் குறைவாத் தெரியும், நீங்களும் நம்பிடுவீங்க. இரண்டாவது சானலை 3.3 வோல்ட் ரெயிலில், ஏசி கப்ளிங்கில் வையுங்க. அதன் கிளிப்பைத் தொங்கவே விடுங்க. சர்க்யூட் கிரவுண்டில் மாட்டினால் ஷண்ட் ஷார்ட்.

தாழ்வாரச்செடி
செய்தேன், நன்றி. யூஎஸ்பி இல்லாமல் 34 மி.வோ. உச்சம், அதாவது 340 மி.ஆ. அதே கணத்தில் ரெயில் 0.6 வோல்ட் சரியுது.

ஓம்விதி
எச்டி7333 தரும் அளவே 250 மி.ஆ.தான். கரண்ட் ஏற ஏற ட்ராப்அவுட்டும் (ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்ட், வெளியே தருவதைவிட எவ்வளவு கூட இருக்கணும் என்ற அளவு) ஏறும், அதனால்தான் 3.7இல் தடுமாறுது. 600 மி.ஆ. தரும் ஆர்டி9080 ரெகுலேட்டர் போடுங்க. தன் செலவு 2 மைக்ரோஆம்ப் அளவுதான். கெப்பாசிட்டர் மட்டும் போட்டுச் சமாளிக்கணும்னா கணக்கு இது: ரெகுலேட்டர் தராத 90 மி.ஆ., 1 மில்லிநொடி, 0.2 வோல்ட் சரிவு என்றால் 450 மைக்ரோஃபாரட். துடிப்பு நீண்டால் அதுவும் பத்தாது.

கிரவுண்ட்லூப்
பெரிய கெப்பாசிட்டர் போட்ட பிறகு அளந்தால் ஷண்டில் உச்சம் குறைஞ்சுதான் தெரியும். அது செல் தரும் கரண்ட், சிப் இழுப்பது இல்லை. அப்புறம், டீப் ஸ்லீப் (சிப் தூங்கும் நிலை) கரண்டை இந்த 0.1 ஓமில் தேடாதீங்க. 10 மைக்ரோஆம்புக்கு வருவது 1 மைக்ரோவோல்ட், ஸ்கோப்பில் தெரியாது.