வானத்த பாக்க கடலுக்கு அடியில எதுக்கு டெலஸ்கோப்?

மின்மினி: இத்தாலியோட சிசிலி தீவு பக்கத்துல கடலுக்கடியில 3450 மீட்டர் ஆழத்துல கேஎம்3நெட்னு ஒரு டெலஸ்கோப் இருக்காம், அதுல 2023 பிப்ரவரி 13 அன்னிக்கு நியூட்ரினோன்னு ஒரு குட்டியூண்டு துகள் மாட்டுச்சாம். ஒண்ணே ஒண்ணுக்கு ஏன் இவ்ளோ பேச்சு? அது விண்வெளியில இருந்து தான் வந்துச்சுன்னு எப்படிங்க அடிச்சு சொல்றாங்க?

குமரன்_பி: லென்ஸ் எல்லாம் கிடையாதுங்க. கடல் தரையில நங்கூரம் போட்டு 700 மீட்டர் உயரத்துக்கு கயிறு நிமிந்து நிக்கும், கயித்துக்கு 18 கண்ணாடி உருண்டை, நல்ல பூசணிக்கா சைஸ், ஒவ்வொண்ணுக்குள்ளயும் 31 ஒளி உணரும் குழாய். நியூட்ரினோ எதுலயும் லேசுல மோதாது, எப்பவாவது பாறையிலயோ தண்ணியிலயோ மோதுச்சுன்னா மியூவான்னு எலக்ட்ரான் மாதிரி, ஆனா அத விட கனமான ஒரு துகள் கெளம்பும், அது தண்ணிக்குள்ள வெளிச்சம் போற வேகத்தயே தாண்டி ஓடுறதால வழி நெடுக நீல வெளிச்சம் விட்டுட்டே போகும். எந்த உருண்டையில எந்த நானோசெகண்டுல பட்டுச்சுன்னு கோத்துப் பாத்தா வந்த தடம் கெடச்சிரும். சூரிய வெளிச்சம் எட்டாத இருட்டு வேணும், தெளிவான தண்ணியும் டன் டன்னா வேணும், அதான் கடல். அங்கயும் தொல்லை உண்டு, உப்புல இருக்கற பொட்டாசியம் 40ங்கற கதிரியக்க அணு சிதையுறப்ப மினுக்கும், மினுங்குற உயிரினங்க வேற.

வான்நோக்கி: ரெண்டாவது கேள்விக்கு வரேன். நம்ம காத்து மண்டலத்துலயே காஸ்மிக் கதிர் (விண்வெளியில இருந்து வேகமா பாயுற துகள்) மோதி மியூவான் மழையா கொட்டுது, ஆனா அது மேல இருந்து வரும். இது கிட்டத்தட்ட படுக்கைவாட்டுல வந்துருக்கு, அந்தப் பக்கம் பாறையும் கடலும் சேந்து சுமார் 300 கிலோமீட்டர் தண்ணிக்கு சமமான தடுப்பு, சாதா மியூவான் அத தாண்டவே தாண்டாது. நேரா கீழருந்தும் வர முடியாது, இவ்ளோ சக்தின்னா பூமியே முழுங்கிரும். நியூட்ரினோவோட சக்தி சுமார் 220 பெட்டா எலக்ட்ரான்வோல்ட்னு (துகளோட சக்திய அளக்கற அலகு) கணக்கு, எல்ஹெச்சிங்கற ராட்சச துகள் மோதல் எந்திரத்துல ஓடுற புரோட்டான் ஒண்ண விட 30,000 மடங்கு! அன்னிக்கு வேலை செஞ்சது வெறும் 21 கயிறு தான், அதுல மாட்டிருக்கு பாருங்க, எனக்கு படிச்சப்ப புல்லரிச்சுப் போச்சு.

மின்மினி: அப்போ எந்த கேலக்ஸின்னு தெரிஞ்சிருக்குமே?

வான்நோக்கி: இல்லங்க, திசையில 1.5 டிகிரி வரைக்கும் சந்தேகம் இருக்கு, அதாவது மூணு முழுநிலாவ வரிசையா வெச்ச அளவு. அந்த வட்டத்துக்குள்ள பிளேசார்கள் (நடுவுல இருக்கற ராட்சச கருந்துளை நம்ம பக்கமா துகள பீச்சி அடிக்கற கேலக்ஸிங்க) பல இருக்கு, இதுதான்னு ஒண்ணையும் கைகாட்ட முடியல. நீரோட்டத்துல கயிறு ஆடிட்டே இருக்கும், உருண்டைங்க எங்க இருக்குன்னு ஒலி அனுப்பி அளக்கறாங்க, கடல் தரையில அந்த அளவ இன்னும் துல்லியமாக்கினா வட்டம் சுருங்கும்.