ராத்திரி 2 மணிக்கும் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு நட்சத்திரம்

அரைத்தூக்கம்:
தண்ணீர் பில் அடுத்தடுத்து இரண்டு தடவை இரண்டு மடங்கு வந்தது. முதல் தடவை, விருந்தாளிகள் வந்திருந்தார்களே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை விருந்தாளியும் இல்லை, சமாதானமும் இல்லை. மகன் ஷவரில் அரைமணி நேரம் நிற்கிறான் என்று நான் கத்தினேன். ஷேவ் பண்ணும்போது நீங்க குழாயை மூடினதே கிடையாது என்று வீட்டம்மா. ஒரு வாரம் வீடே போலீஸ் ஸ்டேஷன்.

தூக்கம் வராத ஒரு ராத்திரி 2 மணிக்கு டார்ச்சோடு போய் மீட்டர் மூடியைத் திறந்தேன். எல்லாரும் தூங்குகிறார்கள், ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரம் இருக்குமே, அது சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. ஒரு பல் நகரும், யோசிக்கும், அடுத்த பல் நகரும். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

மீட்டருக்கு அடுத்த வால்வை மூடினேன், நின்றது. திறந்தேன், மறுபடி கிளம்பியது. அப்படியென்றால் கசிவு வீட்டுக்குள்ளேதான். வீட்டம்மாவை எழுப்பி மீட்டர் பக்கத்தில் நிறுத்தி, போனில் லைனில் வைத்துக்கொண்டு, நான் உள்ளே ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாகத் தண்ணீரை நிறுத்துகிற ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போனேன். பின்பக்க கழிப்பறையில் மூடியதும் போனில் "நின்னுடுச்சு!" ஃப்ளஷ் டேங்க் அடியில் இருக்கிற ரப்பர் மூடி. கையில் எடுத்தால் காய்ந்த தோல் மாதிரி விறைத்திருந்தது, விளிம்பில் நகக்கண் அளவு மடிப்பு. அந்த மடிப்பு வழியாகத்தான் சத்தமே இல்லாமல் போயிருக்கிறது. புது ரப்பர் போட்டு பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

மகனிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஸ்பேனர்:
ரெண்டு மணிக்கு எழுந்திருக்கவே வேண்டாமே அண்ணா. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கலர் கரைத்து ஊற்றுங்கள், அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. கீழே கோப்பையில் கலர் வந்தால் ரப்பர் போச்சு. முப்பது வருஷமா குழாய் வேலை செய்கிறேன், கலர் ஒரு தடவைகூட பொய் சொன்னதில்லை.

ஆனால் இதே நம்பிக்கையில் நானே ஏமாந்ததும் உண்டு. ஒரு வீட்டில் கலர் சோதனை சுத்தம், ரப்பர் புதுசு, பில் மட்டும் எகிறுகிறது. மூன்று தடவை போய்விட்டு வந்தேன். நான்காவது தடவை டேங்க் மூடியைத் தூக்கிவிட்டு சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துகிற மிதவையை யாரோ மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். டேங்க் நிரம்பி, நடுவில் நிற்கிற ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குள் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரு நுரை இல்லை, ஒரு சத்தம் இல்லை. நான் கலர் ஊற்றியபோதெல்லாம் அந்த வீட்டில் மெயின் லைனை மூடி வைத்திருந்தேன், பழக்க தோஷம்! தண்ணீர் மட்டம் அந்தக் குழாய் வாய்க்கு ஒரு அங்குலம் கீழே இருக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

அந்த வீட்டுக்காரம்மா மூன்று தடவையும் கூலி கொடுத்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

செங்கல்சாமி:
டேங்க் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஒரு ஃப்ளஷுக்குத் தண்ணீர் குறையட்டும் என்று டேங்குக்குள் செங்கல் வைத்தேன். எல்லாரும் சொல்கிற யோசனைதானே. எட்டு மாதம் ஜம்மென்று இருந்தது. அப்புறம் செங்கல் கரைந்து மண்ணாகி, பொடி ரப்பருக்கு அடியில் போய் உட்கார்ந்து, ரப்பர் சரியாக மூடாமல் நாள் முழுக்க ஒழுகியிருக்கிறது. மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்பேனர்:
செங்கல் வைக்காதே என்று யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, மிதவையில் உரசாத மூலையில் நிறுத்துங்கள். அதுவும் பழைய பெரிய டேங்குக்கு மட்டும். 3 லிட்டர், 6 லிட்டர் என்று இரண்டு பட்டன் இருக்கிற டேங்கில் கை வைக்காதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ண வேண்டி வரும்.

கணக்குப்பிள்ளை:
கழிப்பறையை விடுங்கள். எங்கள் வாஷ்பேசின் குழாய் நொடிக்கு ஒரு சொட்டு. "ஒரு சொட்டுதானே" என்று ஒரு வருஷம் கடத்தினோம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அளக்கும் குவளை வைத்து எண்ணினேன். சுமார் 4 சொட்டுக்கு 1 மில்லி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. வகுத்தால் 21 லிட்டருக்கு மேல். ராத்திரி அடியில் வாளி வைத்தேன், காலையில் பாதி வாளி. அந்தப் பாதி வாளியைப் பார்த்தபோது வந்த வெட்கம் கணக்குப் போட்டபோது வரவில்லை.

பழைய ரேடியோ:
கணக்கு சரி, ஆனால் அந்தச் சொட்டு உங்கள் பில்லில் வந்திருக்காது சார். முள் மீட்டர் ஓடக் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும், சொட்டைப் பல மீட்டர்கள் பதியாமலே விடும்.

கணக்குப்பிள்ளை:
பில்லில் வரவில்லை என்றால் தண்ணீர் போகவில்லையா? என்ன சார் இது.

மேல்வீட்டுக்காரி:
சண்டை வேண்டாம். அரைத்தூக்கம் அண்ணா சொன்ன சோதனை எங்கள் வீட்டில் செல்லாது. மீட்டரைத் தாண்டின தண்ணீர் கீழ்த்தொட்டிக்குப் போய், மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏறுகிறது. ராத்திரி மீட்டர் நின்றுதான் இருக்கும், கசிவு மேலே நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்டவர்கள் படுக்கும்போது மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குச்சியால் அளந்து குறித்துவிட்டு, விடிந்ததும் பாருங்கள். நேர் உருளையாக இருக்கிற 1000 லிட்டர் தொட்டியில் தண்ணீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால், ஒரு சென்டிமீட்டர் இறங்குவது 10 லிட்டர். இங்கே தண்ணீர் கசிந்தால் மோட்டாரும் அதிகம் ஓடும், கரண்ட் பில்லும் சேர்ந்து ஏறும்.

என் கதை கரண்டில்தான். எங்கள் மின்மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும், பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். ஊருக்குக் கிளம்பும் அன்று ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். 10 நொடிக்கு ஒரு தடவை மினுக்குகிறது. ஒரு மணிக்கு 360 தடவை, அதாவது ஏறக்குறைய 112 வாட். மாதத்துக்கு 81 யூனிட், யாருமே இல்லாத வீட்டில்!

மின்பலகையில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிற எம்.சி.பி. சுவிட்சை ஒவ்வொன்றாக இறக்கினேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இன்வெர்ட்டர் லைனை இறக்கியதும் மினுக்கல் நின்றது. பேட்டரி மேல் கை வைத்தேன். சுரம் அடிக்கிற குழந்தை நெற்றி மாதிரி இருந்தது. மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டி வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வயதான பேட்டரி நிரம்பவே நிரம்பாது, சார்ஜர் விடாமல் கரண்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அத்தனையும் சூடாகப் போகும். ஊருக்குப் போகாமல் பேட்டரிக் கடைக்குப் போனோம்.

நிழல்மரம்:
அக்கா, அந்த மாதிரி சூடான பேட்டரியை மூடிய அறையில் வைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கக்கூடிய வாயு. நல்லவேளை.

பழைய ரேடியோ:
கீசர் கதை. கேட்டால் சிரிப்பீர்கள். என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தால் கீசரை அணைக்க விடமாட்டார். "ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணியிலிருந்து சூடாக்கினா கரண்ட் அதிகம் இழுக்கும் மாப்ளே, ஆன்லயே இருக்கட்டும்" என்பார். அவரே போன் சார்ஜர் சும்மா சொருகியிருந்தால் ஓடி வந்து பிடுங்குவார். சும்மா சொருகிய சார்ஜர் அரை வாட்கூடக் குடிக்காது. மாமனாராயிற்றே, எதிர்த்துப் பேசவில்லை.

ஒரு நாள் ராத்திரி ஹாலில் படுத்திருந்தேன். குளியலறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. கீசரின் தெர்மோஸ்டாட். யாரும் குளிக்காத ராத்திரியில் ஆறிக்கொண்டிருக்கிற தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்குகிறது. விடிகிறவரை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். அப்பவும் அவரிடம் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
மாமனாருக்கு நான் சொல்கிறேன். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.6 யூனிட் வேண்டும். 2000 வாட் கீசர் அதை இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடும். பச்சைத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தாலும் இழுப்பது அதே 2000 வாட்தான், கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவே. ஆனால் உள்ளே 60, வெளியே 25 என்று நாள் முழுக்க வைத்திருந்தால் சூடு சுவர் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சூடாக, எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு நஷ்டம். குளிக்க இருபது நிமிஷம் முன்னால் போடு, குளிக்கப் போகும்போது அணை. பழைய ரேடியோ சார், சொட்டுக் கணக்கில் என்னை மடக்கினீர்கள், இதில் மௌனமாக இருந்திருக்கிறீர்களே.

பழைய ரேடியோ:
சொட்டு உங்கள் வீட்டுச் சொட்டு. கீசர் பெண் கொடுத்தவர் வீட்டு விஷயம்.

நிழல்மரம்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் மேலே எழுதியவர்கள் எல்லாரும் கசிவு, கசிவு என்றே போகிறீர்கள். கசிவு இல்லாத வீட்டிலும் பில் ஏறும். சூடாக்குவதும் குளிர்விப்பதும்தான் பெருந்தீனி: கீசர், ஏசி, ஃபிரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி. வெளிச்சம் அதற்குப் பிறகுதான். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் போதும், அதோடு பல்பு கதை முடிந்தது, அறைக்கு அறை போய் அணைத்துக்கொண்டு பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். ஃபேனை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். சாதாரண ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கிற புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 சொச்சம். நாளைக்கு 15 மணி நேரம் ஓடுகிற சாமானில் பாதிக்குப் பாதி. பழைய பெரிய டப்பா ரெகுலேட்டர் இருந்தால், வேகத்தைக் குறைக்கும்போது மிச்சக் கரண்ட் அந்த டப்பாவிலேயே சூடாகப் போகும். தொட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். ஏசியை 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, வெகுநேரம் ஓடும், அவ்வளவுதான். 25-ல் வைத்து ஃபேனை மெதுவாகப் போடுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள். வாஷிங் மெஷினில் வெந்நீர் வேண்டாம், அதில் துணி சுற்றுவதைவிடத் தண்ணீர் காய்ச்சத்தான் கரண்ட் போகிறது. ஆர்.ஓ. குடிநீர் வடிகட்டியின் கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு மண்ணில் தங்கும். கீசரை 60-லிருந்து இறக்கு என்று அடுத்து யாராவது சொல்வீர்கள். நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிற தொட்டியில் அப்படிச் செய்யாதீர்கள், 20-லிருந்து 45 டிகிரி வரை நுரையீரலைத் தாக்குகிற லெஜியோனெல்லா கிருமிக்குக் கொண்டாட்டம்.

ஸ்பேனர்:
இதில் உங்கள் அனுபவம் எங்கே தம்பி?

நிழல்மரம்:
கம்பளி போர்த்திக்கொள்கிறவர் என் அண்ணன்.

இரண்டாம்சாமம்:
ஒரு ஃபிரிட்ஜ் சமாசாரம், சுருக்கமாக. ஃபிரிட்ஜ் நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. ராத்திரி டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, ஹால் விளக்கை அணைத்தேன். கீல் பக்கம் மேல்மூலையில் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு. என் மகள் "அப்பா, ஃபிரிட்ஜுக்குள்ள யாரோ இருக்காங்க" என்று பயந்துவிட்டாள். ரப்பர் காஸ்கெட்டைச் சோப்புத்தண்ணீரில் துடைத்து, ஹேர் டிரையரில் காட்டி இளக்கி அழுத்தினேன். கோடு மறைந்தது, இப்போது இடையிடையே அமைதி. மகள் மட்டும் இன்னும் தனியாகத் திறக்கமாட்டாள்.

அரைத்தூக்கம்:
இவ்வளவு பேர் எழுதியதும் மனசு கேட்கவில்லை, இன்று மகனிடம் சொல்லிவிட்டேன். தப்பு உன்மேல இல்லடா, ரப்பர்மேலதான் என்று. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "அப்போ இனிமே அரைமணி நேரம் நிக்கலாமா?" என்றான்.

புதுக்குடித்தனம்:
அண்ணா, எங்கள் மீட்டரில் நட்சத்திரமே இல்லையே, சின்ன முக்கோணம்தான் இருக்கிறது?

ஸ்பேனர்:
அதுவேதான். குழாயெல்லாம் மூடிவிட்டுப் பாருங்கள். சுற்றினால் இங்கே வந்து எழுதுங்கள்.

புதுக்குடித்தனம்:
சுற்றுகிறது.