மறு: டிஸ்ட்ரெஸ் – இடரா, இடுக்கணா?

அனைவருக்கும் வணக்கம்.

டிஸ்ட்ரெஸ் (distress) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'இடர்' போதும் என்று பேச்சு முடியப்போகிறது போலிருக்கிறது. அதற்குள் ஒரு தடை சொல்லிவிடுகிறேன். டிசாஸ்டர், ஹஸார்டு, ரிஸ்க் மூன்றையும் இடர் என்றே எழுதுகிறோம்; மூன்றும் ஏற்கெனவே அதன் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நான்காவதும் ஏறினால் தாங்காது.

டிஸ்ட்ரெஸின் மூலம் லத்தீன், இறுக்கிப் பிடிப்பது என்ற பொருளுள்ள வினை. வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரின் சாமான்களை வீட்டுக்காரர் பிடித்துவைப்பதற்கும் ஆங்கிலச் சட்டத்தில் இதே பெயர்தான். இங்கிலாந்தில் அந்தப் பழைய உரிமை 2014இல்தான் ஒழிந்தது. அந்தப் பொருளுக்கு நமக்கு ஜப்தி இருக்கிறது. டிஸ்ட்ரெஸ் சேல் என்றால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது. மருத்துவர்கள் டிஸ்ட்ரெஸ் என்று சொல்வதில் பாதிக்கு மூச்சுத்திணறலே போதும். (டிஸ்ட்ரிக்டுக்கும் இதே வேர்தான். மனுவோடு கலெக்டர் ஆபீஸில் நின்றவர்கள் வியக்க மாட்டார்கள்.)

சிக்கல் கடலில்தான். படகுகளும் கப்பல்களும் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவில், 16ஆம் சேனலில் விடும் அழைப்புகளுக்கு மூன்று படிகள். படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது என்றால் 'மேடே' என்று மூன்று முறை. எஞ்சின் நின்றுவிட்டது, ஆனால் உயிருக்கு உடனே ஆபத்தில்லை என்றால் 'பான் பான்'. வழியில் மரம் மிதக்கிறது, புயல் வருகிறது என்றால் 'செக்யூரிட்டே'. முதல் படி மட்டுமே டிஸ்ட்ரெஸ். 'ஆபத்து அழைப்பு' என்று எழுதினால், ஆபத்து மூன்றிலும்தானே இருக்கிறது?

என் பரிந்துரை 'இடுக்கண் அழைப்பு'. இடுக்கில் மாட்டிக்கொண்டவன் நிலை அந்தச் சொல்லிலேயே காதில் விழுகிறது. 788ஆம் குறளைப் பாருங்கள்: 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு.' வேட்டி நழுவும்போது கை யாரையும் கேட்டுக்கொண்டா போகிறது? மேடே காதில் விழுந்த கப்பல் செய்ய வேண்டியதும் அதுதான்.

பண்டிதத் தமிழ் என்பீர்கள். சரி, பாடநூலுக்கும் விதிமுறைக்கும்தான் இதைக் கேட்கிறேன். படகில் ஒட்டும் தாளில் நானே இதை எழுத மாட்டேன். அங்கே 'படகு மூழ்கினால் இந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தவும்', கீழே கடலோரக் காவல்படையின் 1554. அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் பிடிபடாதது பான் பான். 'அவசர அழைப்பு' என்றுதான் கை போகிறது. ஆனால் 108ஐ அவசர ஊர்தி என்று பழகிய காதுக்கு, அவசரம் இடுக்கணைவிட ஒரு படி மேலாகக் கேட்கும், வரிசையே தலைகீழாகிவிடும். அப்புறம் எதை வைப்பது? தோன்றுவதை எழுதுங்கள்.