ஹில்டன் வேலண்டைனின் கிதார் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

கிதார் வகுப்புக்குப் போன யாரும் ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ பாட்டின் தொடக்கத்திலிருந்து தப்பித்திருக்க முடியாது. எங்கள் மாஸ்டர் அதை விரல் பயிற்சியாகத்தான் கொடுத்தார். வாசித்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏ மைனர், சி, டி, எஃப் என்று நான்கு கார்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்த கூட்டங்கள். கட்டைத் தந்தியில் ஆரம்பித்து ஒவ்வொரு தந்தியாக ஏறி இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. முதல் மூன்று கார்டுக்கும் கை பழகிவிடும். எஃப் வந்ததும் வகுப்பே நொண்டியடிக்கும்.

வாசித்தவர் தி அனிமல்ஸ் இசைக்குழுவின் ஹில்டன் வேலண்டைன் என்று பின்னால்தான் தெரிந்தது. 1964 மே 18, லண்டன். அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தவர்கள் நடுவில் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரே டேக்கில் முடித்திருக்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 20. நம்பவே முடியவில்லை, நான் அந்த எஃப்பில் மாதக்கணக்கில் கிடந்தவன்!

—

அண்ணே, நான் கொஞ்ச காலம் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேலை பார்த்தேன். அனிமல்ஸ் அந்த ஊர்க் குழு. வேலண்டைன் பிறந்தது பக்கத்தில் நார்த் ஷீல்ட்ஸ், டைன் ஆறு கடலில் சேருமிடத்தில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். ஐம்பதுகளில் ஸ்கிஃபிள் (வீட்டுச் சாமான்களையும் வாத்தியமாக்கி வாசிக்கும் எளிய நாட்டுப்புற பாணி) பைத்தியம் பிடித்துக் கிதார் எடுத்த பையன்களில் அவரும் ஒருவர். ‘வைல்ட்கேட்ஸ்’ என்ற உள்ளூர்க் குழுவில் வாசித்துவிட்டு 1963-இல் இவர்களோடு சேர்ந்தார்.

கூட வேலை செய்த ஒரு பெரியவரிடம் இந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இசையைப் பற்றிப் பேச மாட்டார், காசைப் பற்றித்தான் பேசுவார். பழைய நாட்டுப்புறப் பாட்டு என்பதால், எழுதியவருக்குப் பதில் அதற்குப் புது வடிவம் கொடுத்தவர்கள் பெயர் இசைத்தட்டில் வர வேண்டும். வந்தது ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும். ஐந்து பேர் போட இடமில்லை, அகரவரிசையில் ஆலன்தான் முதலில் என்று ஒரு காரணம் சொல்வார்கள். ராயல்டி அவருக்கே போனது. பாட்டோ இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் முதலிடம். பிரைஸின் ஆர்கன் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் முதல் நொடியிலேயே நம்மை உள்ளே இழுப்பது கிதார்தானே? பிரைஸ் 1965-இலேயே குழுவை விட்டுப் போனார், அடுத்த வருடம் குழுவே கலைந்தது.

—

மேலே சொன்னவருக்கு ஒரு சேர்க்கை. அந்தக் கார்டு வரிசை வேலண்டைன் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தன் 1962 ஆல்பத்தில் பாடியதிலிருந்து எடுத்தது. அதைத் தந்தி தந்தியாகப் பிரித்து, கிரெட்ச் கம்பெனி எலக்ட்ரிக் கிதாரில் பிக்கால் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வாசித்ததுதான் இவர் வேலை. டிலனுடையதை அடுத்து வைத்துக் கேளுங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

நான் அவரிடம் வந்தது தலைகீழாக. 2021 ஜனவரியில் 77 வயதில் இறந்த செய்தியைப் படித்துவிட்டுத் தேடினேன். 1969-இல் ‘ஆல் இன் யுவர் ஹெட்’ என்று ஒரு தனி ஆல்பம், பெரிதாகப் போகவில்லை. 1975-இலும் 1983-இலும் பழைய ஐவரும் மறுபடி கூடினார்கள். 1994-இல் குழுவுக்கு ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். அப்புறம் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் குடியேறி, சின்ன வயதில் வாசித்த ஸ்கிஃபிளுக்கே திரும்பிவிட்டார். எனக்கென்னவோ அந்தப் பிற்காலப் பதிவுகள்தான் பிடித்திருக்கின்றன. யாரிடமாவது சிடி இருக்கிறதா?