புதுப்பிப்பு: அம்மாவின் எலும்புக்கு ஊசி போடலாமா?

அம்மாவுக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலை, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 3.1 (அதாவது எலும்பு ரொம்பவே பலவீனம்), எலும்பு முறியாமல் காக்கும் டெனோசுமாப் ஊசி போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இன்னும் போடவில்லை. கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் முதலில் பார்க்கணும் என்றார் சிறுநீரக மருத்துவர். பார்த்தால் வைட்டமின் டி வெறும் 9! அந்த நிலையில் ஊசி போட்டிருந்தால் ரத்தத்தில் கால்சியம் மளமளவென்று இறங்கியிருக்கலாம். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு, முக்கியமாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, இந்த ஆபத்து உண்டு என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கையே சேர்த்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் முடிவு. ஆரம்பித்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, தள்ளிப்போடவே கூடாது. நடுவில் விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் கூடும். இப்போதைக்குக் குளியலறையில் கைப்பிடி மாட்டியிருக்கிறேன். அம்மா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்.