ஆர்எக்ஸ் 100: சூடானதும் ஆர்பிஎம் இறங்க மாட்டேன் என்கிறது

வண்டி 1994 யமஹா ஆர்எக்ஸ் 100, மண் டிராக்கில் ஓட்ட பட்டன் டயர் போட்டது. பொள்ளாச்சி பக்கம். ஆயில் பம்ப் கிடையாது, லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்கிறேன்.

மழை முடிந்ததிலிருந்து இந்தத் தொல்லை. காலையில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகிறது. சூடானதும் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்குவதில்லை, மேட்டில் இழுவையும் போய்விடுகிறது. ஸ்பார்க் பிளக் வெள்ளையாக இருக்கிறது, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்; ஆக எங்கோ காற்று இழுக்கிறது.

கார்புரேட்டரைக் கழுவி மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்கியாயிற்று. இன்டேக் ரப்பர் புதிது. ரீட் வால்வில் (கலவை திரும்பி வராமல் தடுக்கும் தகடு) விரிசல் இல்லை. கிளட்ச் பக்க கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருந்தால் இன்ஜின் கியர் ஆயிலை இழுக்கும்; கியர் ஆயில் குறையவில்லை, அதனால் அதன் மேல் சந்தேகமில்லை. மிச்சம் மேக்னட் பக்க சீல்தான். மெக்கானிக் சிலிண்டரைக் கடைந்து போர் போடச் சொல்கிறார். கம்ப்ரஷன் நன்றாக இருக்கும்போது எதற்கு?

மேக்னட் (மின்சாரம் தயாரிக்கும் காந்தச் சக்கரம்) பக்க கிராங்க் சீலை இன்ஜினைப் பிளக்காமல் வெளியிலிருந்தே மாற்ற முடியுமா?